போட்டோ எடிட்டிங் எதுவரை? கற்பனைப் படம் எங்கிருந்து?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டிற்கு அடுத்தபடியாக ஆர்வத்துடன் கற்றுக் கொள்ள விரும்புவது போட்டோ எடிட்டிங். மொபைல் போனிலோ கேமராவிலோ எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவுடன் மூன்று கேள்விகள் எழும். படத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்க முடியுமா? பின்னால் நிற்கும் ஆளை எடுத்துவிட முடியுமா? வானத்தை நீலமாக மாற்ற முடியுமா? மூன்றிற்கும் பதில், முடியும் என்பதுதான். மூன்றையும் எடிட்டிங் என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் மூன்றும் ஒரே வகை வேலை இல்லை. எது திருத்தம், எது கற்பனை, எது பொய் என்று தெரிந்து கொண்டு மவுஸைத் தொடுவது நல்லது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளவர்களும் சென்னைவாசிகளும் அதிகமாகப் படம் எடுக்கும் இடம் மாமல்லபுரம் என்பதால், அங்கு எடுத்த படங்களையே உதாரணமாக வைத்துக் கொள்வோம். சாப்ட்வேர், ஜிம்ப். இது இலவசம். ஜிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து விண்டோஸ், லினக்ஸ், மேக் எதற்கும் இறக்கிக் கொள்ளலாம். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் மெனு பெயர்கள் சில மாறுமே தவிர வழி ஒன்றுதான்.

முதலில் திருத்தம்

கடற்கரைக் கோயிலுக்குக் காலையில் சென்றால் ஒரு சிக்கல் உண்டு. நாம் நுழைவது மேற்குப் பக்கம். சூரியன் எழுவது கிழக்கே, கோயிலுக்குப் பின்னால் கடலில். எனவே புல்வெளியில் நின்று எடுக்கும் படத்தில் வானம் வெளுத்து, கோயில் கறுத்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த சிற்பங்கள் படத்தில் தெரியாது. நம் கண் வெளிச்சத்தையும் இருட்டையும் ஒருசேரச் சமாளிப்பது போல் கேமராவால் முடிவதில்லை.

இதற்கு ஜிம்ப்பில் கலர்ஸ் மெனு சென்று லெவல்ஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். மலை போன்ற ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று சிறு முக்கோணங்களும் தோன்றும். நடு முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் இழுத்தால் இருண்ட பகுதிகள் வெளிச்சம் பெறும். அதிகம் இழுத்தால் கல் சாம்பல் பூசியது போலாகிவிடும். சாய்ந்து நிற்கும் கடல்கோட்டை ரொட்டேட் டூல் மூலம் நேராக்கலாம். ஓரத்தில் பாதி தெரியும் ஐஸ்கிரீம் வண்டியைக் கிராப் டூல் மூலம் வெட்டிவிடலாம். இவையெல்லாம் திருத்தங்கள். கேமரா தவறவிட்டதை, அங்கே நின்றவர் பார்த்ததற்கு அருகில் கொண்டு வருகிறோம். அன்று உங்களுடன் வந்தவரிடம் காட்டினால், "ஆமாம், இப்படித்தான் இருந்தது" என்பார்.

வெளிச்சத்தை மட்டும் மாற்றினால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். 1994 ஜூனில் அமெரிக்காவின் டைம், நியூஸ்வீக் என்ற இரு வார இதழ்களும் ஓ.ஜே. சிம்ப்சன் கைது செய்யப்பட்டபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் முகத்தைக் கறுப்பாக்கிப் போட்டது. எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை. ஆனாலும் விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பினத்தவரைக் கொடியவர் போலக் காட்டியதாகப் பெரும் கண்டனம் எழுந்தது. லெவல்ஸ் டயலாக் பாக்ஸ் ஒன்று போதும், படத்தின் அர்த்தம் மாறிவிட.

நீக்குவதில் உள்ள சங்கடம்

அடுத்தது ஹீல், குளோன் என்ற இரண்டு டூல்கள். குளோன் டூலைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி நல்ல மணல் உள்ள இடத்தில் ஒரு கிளிக். பிறகு குப்பை உள்ள இடத்தில் தேய்த்தால், அங்கிருந்த மணல் இங்கே வந்து மூடிக் கொள்ளும். ஹீல் டூலும் இப்படித்தான். ஓரங்களில் நிறத்தைத் தானே சரி செய்து கொள்ளும் என்பது கூடுதல் வசதி. இப்போது பல போன்களில் விரலால் வட்டமிட்டாலே போதும். கூகுள் 2021ல் பிக்சல் போன்களில் மேஜிக் இரேசர் என்ற பெயரில் இதைத் தந்தது. பிற நிறுவனங்களும் அதே வசதியை வேறு பெயர்களில் தந்துவிட்டன.

கோயில் முன் கிடக்கும் சிப்ஸ் கவரை நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காற்று அடித்தால் அது ஐந்து நிமிடத்தில் தானே போயிருக்கும். ஆனால் அதே டூலால் பலர் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் கொட்டப்பட்டிருக்கும் பெரிய பாறைகளையும் நீக்கிவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அலை நேராகக் கோயிலின் காலடியைத் தொடுவது போல. அந்தப் பாறைகள் ஏன் அங்கே இருக்கின்றன? பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கோயிலைக் கடல் அரித்துவிடாமல் இருக்கத்தான். உப்புக் காற்று சிற்பங்களைத் தின்று வருவதும், அதைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டதும் கோயிலின் கதையில் சேர்ந்தவை. பாறையை நீக்கிய படத்தைப் பார்ப்பவருக்கு, இந்தக் கோயிலுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்ற தகவல் போய்ச் சேருகிறது. நகரும் பொருளை நீக்குவது வேறு, நிலையாக நிற்பதை நீக்குவது வேறு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடமாற்றமும் அப்படித்தான். கடற்கரைக் கோயிலில் பெரியதும் சிறியதுமாக இரண்டு விமானங்கள் உள்ளன. மொபைல் வால்பேப்பருக்கு உயரவாக்கில் படம் வேண்டும் என்று இரண்டையும் நெருக்கி வைத்தால் என்ன? இதே வேலையைத்தான் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைப் படத்தில் செய்தது. எகிப்து கிசா பிரமிடுகளை அகலவாக்கில் எடுத்த படம் உயரமான அட்டைக்குப் பொருந்தவில்லை என்று, கம்ப்யூட்டர் மூலம் ஒரு பிரமிடை இன்னொன்றின் அருகே நகர்த்திவிட்டார்கள். போட்டோஷாப் விற்பனைக்கு வந்ததே 1990ல்தான். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே இது நடந்தது. விஷயம் வெளியானதும் இதழின் நம்பகத்தன்மை பற்றிக் கேள்வி எழுந்தது. இன்றும் போட்டோ எடிட்டிங் பற்றிய எந்த விவாதமும் அந்த அட்டையைத் தொடாமல் போவதில்லை.

இது கம்ப்யூட்டர் கொண்டு வந்த பழக்கமா?

இல்லை. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்திற்கு ஒரு நெகட்டிவும் எடுத்து இரண்டையும் ஒரே பிரிண்ட்டில் சேர்த்தார். அன்றைய ரசாயனத்தில் இரண்டும் ஒன்றாகப் பதியாது. நம் காலைநேரக் கடற்கரைக் கோயில் பிரச்சினையேதான்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858ல் மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைப் படம் எடுத்தார். அந்தக் காலக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைகளையும் செப்பனிட்டார். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பதிவு செய்தபோது 21 பிரிண்ட்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 20 அடி நீளப் படமாகத் தந்தார். இன்று போன் செய்யும் பனோரமாவை அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்தார் என்று சொல்லலாம். வானத்தில் கை வைத்தவர், எழுத்துகளை வரிசை மாறாமல் காப்பாற்றினார். அந்தப் படத்தைக் கேட்டவர்களுக்குத் தேவைப்பட்டது கல்வெட்டு அல்லவா?

பின்னர் வந்த ஸ்டூடியோக்களை எல்லாருக்கும் தெரியும். டச்சிங் செய்யாமல் படம் தந்த ஸ்டூடியோ எது? வீட்டில் ஒருவர் காலமானால், அவர் தனியாக எடுத்த படம் இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, பெரிதாக்கி, நீலப் பின்னணி வைத்து, மாலை போடும் படமாகத் தருவார்கள். இது கம்ப்யூட்டரில் இன்னும் சுலபம். அப்பா இல்லாமல் நடந்த திருமணத்தின் ஆல்பத்தில் அப்பாவை நிற்க வைப்பதும் சுலபம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஆனால் வாழ்நாளில் வேட்டி தவிர வேறு உடுத்தாத தாத்தாவிற்குக் கோட்டு மாட்டிவிட்டால், இரண்டு தலைமுறை கழித்துப் பேரனின் மகன் அவரைக் கோட்டுப் போட்ட மனிதராகவே நம்புவான். எனவே இப்படிச் சேர்த்த படங்களின் பின்புறத்திலோ பைல் பெயரிலோ ஒரு வரி எழுதி வையுங்கள். அசல் குரூப் போட்டோவைத் தூக்கிப் போடாதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளமும் ஒரு ஜன்னலும்

நோக்கம் நல்லதாக இருந்தும் படம் வம்பில் மாட்டிய கதை ஒன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையும் சுற்று வட்டாரமும் வெள்ளத்தில் மூழ்கின. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் ஆற்று நீர் புகுந்தது. டிசம்பர் 3ம் தேதி பிரதமர் மோடி வானிலிருந்து பாதிப்பைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் அந்தப் படத்தை டுவிட்டரில் வெளியிட்டது. முதலில் வந்த படத்தில் ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத்தான் தெரிந்தது. அடுத்து வந்த படத்திலோ அதே ஜன்னலுக்குள் தண்ணீர் சூழ்ந்த கட்டடங்கள் மிகத் தெளிவாக இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்தது தவறான முடிவு என்று அந்த அலுவலகம் வருத்தம் தெரிவித்தது.

இங்கே கவனியுங்கள். வெள்ளம் உண்மை, பயணம் உண்மை, ஒட்டப்பட்ட காட்சியும் வெள்ளக் காட்சிதான். லெ கிரே வானத்தையும் கடலையும் சேர்த்ததற்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் லெ கிரேயின் படத்தைச் சுவரில் மாட்ட வாங்கினார்கள். இதைச் செய்தியாகப் பார்த்தார்கள். செய்தியில் சேர்த்தல் கூடாது. 2006ல் லெபனான் போரின்போது பெய்ரூட் நகரப் புகையை குளோன் டூலால் அதிகமாக்கிய ஒரு போட்டோகிராபரின் படங்கள் 920ஐயும் ராய்ட்டர்ஸ் நிறுவனம் விற்பனையிலிருந்து நீக்கியது. சிக்கியது ஒன்றிரண்டு படங்கள்தான்; நம்பிக்கை போனது அத்தனை படங்களுக்கும்.

நமக்கும் இது பொருந்தும். மழையில் வீட்டுச் சுவர் இடிந்ததற்கு இன்சூரன்ஸ் கேட்கிறீர்களா? நிவாரண மனுவுடன் படம் இணைக்கிறீர்களா? அந்தப் படத்தில் லெவல்ஸைக்கூடத் தொடாதீர்கள். விரிசல் நன்றாகத் தெரியட்டும் என்று நீங்கள் கறுப்பாக்கினால், உண்மையான விரிசலும் சந்தேகத்திற்கு இடமாகும். வேடந்தாங்கலில் எடுத்த பறவைப் படத்தை யாராவது பறவைக் கணக்கெடுப்புக்குக் கேட்டாலும் இதே விதி. மரம் நிறையத் தெரியட்டும் என்று நாரைகளை குளோன் செய்தால், இல்லாத நாரைகள் கணக்கில் ஏறும்.

இனி கற்பனை

எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் வாங்கியதில் என்ன சுகம்? கற்பனைப் படம் தனிக் கலை. அதற்குச் சாப்ட்வேர்கூடத் தேவையில்லை என்பதற்கு மாமல்லபுரத்திலேயே சாட்சி இருக்கிறது. கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்ற பாறையைக் கையால் தாங்குவது போல, முதுகால் தள்ளுவது போல எத்தனை பேர் நிற்கிறார்கள்! பாறை தள்ளி இருக்கிறது, நண்பர் கேமராவுக்கு அருகில் நிற்கிறார், தூரம் படத்தில் காணாமல் போகிறது. ஒரு பிக்சலைக்கூட யாரும் மாற்றவில்லை. பார்ப்பவர் சிரிக்கிறாரே தவிர நம்புவதில்லை. இதுதான் நல்ல கற்பனைப் படத்தின் அடையாளம்.

சற்றுப் பெரிய பயிற்சி செய்து பார்க்கலாம். அந்தக் கால ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை ஏழு பகோடா என்று அழைத்தார்கள். ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்பது செவிவழிக் கதை. 2002ல் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில் மூழ்கிப் பார்த்தபோது சுவர்ப் பகுதிகளும் சிதறிய கற்களும் தெரிந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையில் மணல் விலகிச் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. முழுக் கோபுரங்களுடன் ஆறு கோயில்கள் எதையும் யாரும் கண்டதில்லை. நாம் கம்ப்யூட்டரில் கட்டுவோம்.

தெற்கு அல்லது வடக்குப் பக்கத்திலிருந்து எடுத்த, கடலும் கோயிலும் சேர்ந்து தெரியும் படத்தை ஜிம்ப்பில் திறக்கவும். கயிறு வளையம் போல உள்ள ப்ரீ செலக்ட் டூலால் பெரிய விமானத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி கொடுக்கவும். ஒட்டியது தனி லேயராக வரவில்லை என்றால் லேயர் மெனுவில் டு நியூ லேயர் என்பதைக் கிளிக் செய்திடவும். ஸ்கேல் டூல் மூலம் சிறிதாக்கி, மூவ் டூலால் கடலுக்குள் கொண்டு செல்லவும். தூரம் கூடக் கூடச் சிறிதாகவும் வெளிறியும் இருக்க வேண்டும். கலர்ஸ் மெனுவில் பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் சென்று கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால் கடல் மூட்டம் வந்துவிடும். மென்மையான பிரஷ் வைத்து இரேசரால் அடிப்பகுதியை அழித்தால், அலைக்குள் நிற்பது போலாகும். இப்படி ஆறு முறை. கோயில்களை இடம் வலமாகத் திருப்ப வேண்டாம். திருப்பினால் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, ஒரே கடலில் இரண்டு சூரியன் இருப்பதாகிவிடும்.

இந்த நிழல் கணக்கு மற்றவர் படத்தைச் சோதிக்கவும் உதவும். போட்டோஷாப்பில் 2020 முதல் ஒரே கிளிக்கில் வானத்தை மாற்றும் வசதி உண்டு. கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால், கடலில் சூரியன் அமிழ்வதாகச் சொல்லும் படம் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். இது கிழக்குக் கடற்கரை. இங்கே சூரியன் கடலில் உதிக்கும். மறைவது ஊருக்குப் பின்னால், செங்கல்பட்டுப் பக்கம். ஒன்று அது காலையில் எடுத்தது, அல்லது வேறு வானம்.

நீங்கள் எடிட் செய்யாமலே படம் மாறுவதும் உண்டு. நிலா தெளிவாகத் தெரியாதபோது சில போன்கள் தாமே விவரங்களைச் சேர்ப்பதாக 2023ல் சாம்சங் போன்கள் பற்றிச் சர்ச்சை எழுந்தது. அதே ஆண்டு போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர், சோனி உலகப் போட்டோ போட்டியில் தான் பரிசு பெற்ற படம் ஏஐ மூலம் உருவானது என்று தானே அறிவித்துப் பரிசை மறுத்தார். ஏழு கோயில் படத்தையும் ஏஐயிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுப் பெற்றுவிடலாம். லேயர் லேயராகச் செய்வதில் உள்ள லாபம், எது உங்கள் கேமராவில் விழுந்தது, எது நீங்கள் வைத்தது என்பது உங்களுக்குத் தெரியும் என்பதுதான்.

சேமிக்கும் முறை

கேமராவிலிருந்து வந்த படங்களை ஒரிஜினல் என்ற போல்டரில் போட்டு, அதைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து அதில் வேலை செய்யவும். ஜேபெக் பைலைத் திறந்து மாற்றி மீண்டும் மீண்டும் அப்படியே சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். ஜிம்ப்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎப் பைலாகச் சேமிக்கும். லேயர்கள் அப்படியே இருக்கும். மற்றவருக்கு அனுப்ப மட்டும் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து ஜேபெக் ஆக்கவும். அப்போது வரும் விண்டோவில் எக்ஸிப் தகவலைச் சேமிக்கும் வசதி இருக்கும். படம் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் அதில்தான் உள்ளன. விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்றால் இவற்றைப் பார்க்கலாம். எந்தச் சாப்ட்வேரில் திருத்தப்பட்டது என்பதும் பல சமயம் அங்கே தெரியும்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும். அவை போய்ச் சேர வேண்டும் என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்பவும். கற்பனைப் படத்திற்கு அதுவும் போதாது. நீங்கள் கூடவே எழுதிய குறிப்பு அடுத்தவர் பார்வர்டு செய்யும்போது கழன்றுவிடலாம். எனவே எக்ஸ்போர்ட் செய்யும் முன் டெக்ஸ்ட் டூலை எடுத்து, படத்தின் கீழ் ஓரத்தில், சுலபமாக வெட்டி எறிய முடியாதபடி கோயிலின் அடிப்பகுதியை ஒட்டி, "கற்பனைப் படம்" என்று எழுதிவிடுங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டெக்ஸ்ட் டூலின் கீழ் உள்ள பான்ட் பட்டியலில் ஒரு தமிழ் யூனிகோட் பான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.